இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே

யாராவது ஒரு வார்த்தையைத் தப்பாக விட்டுவிட்டால் அக்கா கோபப்பட மாட்டார். கையில் இருப்பதைக் கீழே வைப்பார், டீ டம்ளரோ விடைத்தாள் கட்டோ எதுவானாலும். பிறகு சொன்னவரின் முகத்தைப் பார்த்து, "இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க" என்பார். குரலில் கிண்டல் இருக்காது. நிஜமாகவே காதில் விழாதவர் கேட்பதுபோல இருக்கும்.

இரண்டாம் முறை சொல்ல யாருக்கும் வாய் வராது. முதல் முறை வேடிக்கையாக இருந்தது இரண்டாம் முறை வேறு மாதிரி ஆகிவிடும் என்பது சொன்னவருக்கே தெரியும். "ஒண்ணுமில்ல மேடம், சும்மா" என்பார். அக்கா தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான். அதற்குமேல் உபதேசம் கிடையாது, முறைப்பு கிடையாது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகம். அங்கே வேதியியல் துறையில் நாங்கள் இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில்தான். வருடா வருடம் புதுப்பித்தால்தான் வேலை. அக்கா வியாசர்பாடி, வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கூடத்துச் சுவரில் புத்தர் படம் இருக்கும், அதற்குக் கீழேயே அவருடைய எம்.ஃபில். பட்டமும் மாட்டியிருக்கும். நான் காலடிப்பேட்டை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து மளிகைக்கடை போட்டவர் என் அப்பா. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். பாடம் நடத்தும்போது புத்தகத்தமிழும் ஆங்கிலமும் பேசுவார். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் வியாசர்பாடிதான்.

நான் சேர்ந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் ஒரு மூத்தவர் சொன்னார்: "மேடம், உங்க தமிழைக் கேட்டா சினிமா காமெடி பாக்குற மாதிரியே இருக்கு." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார்."

"இல்ல... உங்க தமிழ் ஜாலியா இருக்குன்னு சொன்னேன்."

"அப்டியா? தேங்க்ஸ் சார்."

அன்று மதியமே, இணையத்தில் மதிப்பெண் ஏற்றத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த அதே மனிதருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிப் பெயர்வரை ஏற்றிக் கொடுத்தார். பிற்பாடு அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர்களில் அக்காவும் ஒருவர். அந்த மனிதர் அப்படி இன்னொரு முறை யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

"இது காலால மிதிச்சா அணையிற தீப்பா" என்பார் என்னிடம். "வுட்டா, அப்பால பயர் இஞ்சினு ஓணும். அது வர்றதுக்குள்ள எவன் வூடு எரியும்னு யாருக்குத் தெரியும்?" அவருடைய அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதியில் பொறி விழுந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அக்கா.

எங்கள் துறை அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இருந்தார். உதவித்தொகை வந்ததும் பட்டியலோடு நேராக வகுப்புக்கு வந்து, பெயர் பெயராகச் சத்தம்போட்டு வாசிப்பார். "இந்த எஸ்.சி. ஸ்காலர்ஷிப்காரங்க எல்லாம் எந்திரிங்க." பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதே வகுப்பில் இரண்டு முறை இருந்திருக்கிறேன். எனக்கு அது பட்டியல் வாசிப்பதாக மட்டும்தான் தெரிந்தது.

அக்கா அவரைப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. மாடிப்படியில் பிடித்தார்.

"சார், கீழ போர்டுல ரிஜிஸ்டர் நம்பர் மட்டும் ஒட்டிடலாமே? வர வேண்டியவங்க அவங்களே வந்து பாத்துக்குவாங்க."

"இருபது வருஷமா இப்படித்தாம்மா வாசிக்கிறேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"யாரும் சொல்ல மாட்டாங்க சார். எந்திரிச்சி நிக்கிறவன் எப்டி சொல்லுவான்?"

இரண்டு நாள் அவர் அக்காவின் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எண்களை ஒட்டினார். "தொண்டைக்கு நல்லதாப் போச்சு" என்று தானே சொல்லிச் சிரித்தார். யாருக்கும் மெமோ போகவில்லை. யார் முகமும் சுருங்கவில்லை. எழுந்து நின்ற பிள்ளைகளுக்கு இனி நிற்க வேண்டியதில்லை என்றானது, அவ்வளவுதான்.

என்னையும் அவர் விடவில்லை. முதலாண்டு வகுப்பு வேகமாகப் போகட்டும் என்று தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளைக் கடைசி இரண்டு பெஞ்சில் உட்கார வைத்தேன். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அக்கா கேட்டார்.

"தமிழ் மீடியத்த பின்னாடி குந்த வச்சிட்டியாமே?"

"அவங்களுக்குத் தனியாச் சொல்லித்தரலாம்னுதான்க்கா."

"சொல்லித் தந்தியா?"

நான் தந்திருக்கவில்லை.

"ரெண்டு வாரம் போனா அந்த பெஞ்சுக்கு ஒரு பேரு வச்சிடுவாங்கப்பா. பேரு வந்துடுச்சின்னா அப்பால நீயே நெனச்சாலும் மாத்த முடியாது."

மறுநாள் மாற்றி உட்கார வைத்தேன். ஆனால் ஒரு வாரம் வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டேன். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சல். சரியாகவே பேசுகிற ஒருவர் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து சாப்பிடுவது லேசான காரியமில்லை. எட்டாம் நாள் அவரே டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "வாழக்கா வறுவல் கீது, துன்றியா?" என்றார். நானும் சாப்பிட்டேன்.

இரண்டாமாண்டில் நிவேதா என்றொரு பெண். முகத்துவாரக்குப்பம். அம்மா எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். விடிகாலையில் அம்மாவோடு ஏலத்துக்குப் போய்க் கூடைகளை ஏற்றிவிட்டு, குளித்து, இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். உடன் படித்த மூன்று பெண்கள் அவளைக் "கருவாடு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிநேகிதத்தில்தான். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

அக்கா அந்த மூன்று பேரையும் ஒருநாள் தனியாக நிறுத்திப் பேசினார். அதிகம் பேசவில்லை. "அவ சிரிக்கிறா. சிரிக்காம இன்னா பண்ணுவா, சொல்லுங்க?" என்று மட்டும் கேட்டதாக அவர்களில் ஒருத்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அன்றோடு அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்தப் பெயர் ஆய்வகப் பொறுப்பிலிருந்த பேராசிரியரின் காதுக்குப் போயிருந்தது.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. காய்ச்சலில் விழுந்த மாணவனைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நன்றாகப் பாடம் எடுப்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அதற்காகவே பிள்ளைகள் அவர் வகுப்புக்கு ஓடிவருவார்கள்.

அன்று உப்புப் பகுப்பாய்வு. ஆய்வகம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம், அந்தச் சோதனையில் வருகிற வாயு அப்படி. நான் உதவிக்கு நின்று மாணவர்களுக்கு உப்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "யாரும்மா கருவாட்டுக் கூடையை லேபுக்குள்ள கொண்டாந்தது? நிவேதா, நீ ஜன்னலோரமா போய் நில்லும்மா. மத்தவங்களும் மூச்சு விடணும்ல."

வகுப்பே சிரித்தது. நிவேதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோதனைக்குழாய்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

நான் சிரிக்கவில்லை. இன்றுவரை அதை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தராசிலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை.

மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன், ஒரு வம்புச் செய்தி சொல்வதுபோல. அக்கா சோற்றுக் கையை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு டப்பாவை மூடினார்.

முதலில் நிவேதாவிடம்தான் போனார். "வுடுங்க மேம், பேஜாரு வாணாம்" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நாளு. நான் சிரிச்சிகினே போயிடறேன்."

"உன் பேர நான் இழுக்கல. நான் கேக்கறது எனக்காக" என்றார் அக்கா.

பேராசிரியர் அறைக்கு அவரோடு நானும் போனேன். உள்ளே போகவில்லை, வராண்டாவில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

"சார், லேப்ல அந்தப் பொண்ண பத்தி ஏதோ சொன்னீங்களாமே. இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

அவர் சொன்னார்.

அதே வார்த்தைகள், அதே சிரிப்பு, மூக்கைச் சுளித்தது உட்பட. சொல்லி முடித்து, "போதுமா? இன்னொரு தடவை வேணுமா மேடம்?" என்றார்.

அக்கா கேட்டு, ஒருவர் திருப்பிச் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். அக்காவிடம் அதற்கு மேல் எதுவும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர் நம்பியிருந்ததெல்லாம் எதிரே இருப்பவரின் கூச்சத்தை மட்டும்தான்.

"அந்தப் பொண்ணுக்கு அது புடிக்கல சார்."

"அவளே சிரிச்சா. உங்களுக்கு ஏன் வலிக்குது?"

அக்கா வெளியே வந்தார். வராண்டாவில் என்னைத் தாண்டி நடந்தார்.

அன்று மாலையே துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் படித்தேன். அரைப்பக்கம்கூட இல்லை. "இது புகார் அல்ல. ஆய்வகத்தில் ஒரு மாணவிக்கு விருப்பமில்லாத பேச்சு நடக்கிறது. சாரிடம் நீங்கள் ஒருமுறை பேசினால் போதும். யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. பேச்சாக இருக்கும்போதே நின்றுவிடட்டும்" என்று இருந்தது.

துறைத்தலைவரும் பெண்தான். படித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தாளா?"

"இல்ல மேடம். எழுதிக் குடுக்குற நெலம வர்றதுக்கு முன்னாடியே சொல்றேன்."

"மார்க்ல கைவச்சாரா? கிளாஸை விட்டு வெளியே அனுப்பினாரா?"

"இல்ல."

"அப்போ இன்னும் ஒண்ணும் நடக்கலையே. நீங்களே சொல்றீங்க."

"நடந்தப்பறம் வந்தா இன்னா மேடம் சொல்லுவீங்க? ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பீங்க."

துறைத்தலைவருக்கு முகம் சிவந்துவிட்டதாம். "நீங்க அந்த லேப்ல இருந்தீங்களா? இல்லையே. நேர்ல கேட்டவங்க யாராவது கையெழுத்துப் போட்டாக் கொண்டாங்க, பாக்கலாம்" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நேரில் கேட்டவள் நான்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழியடைத்திருந்தன. அக்கா கைப்பையைத் தட்டையாகப் பிடித்து, அதன்மேல் கடிதத்தை வைத்துப் பேனாவை நீட்டினார். "நான் கேட்டேன்னு மட்டும் எழுதுப்பா. வேற ஒண்ணும் வாணாம்."

எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரந்தர வேலை இல்லை என்று ஏற்கனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. புதுப்பித்தல் பட்டியலைத் தயாரிப்பது துறைத்தலைவர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அக்கா, ரினிவல் வரப்போகுது. அது முடிஞ்சதும் போடறேன்."

அக்கா கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். "சரிப்பா" என்று பேனாவை மூடினார். வழக்கம்போல என்னோடு பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோர இடத்தை எனக்கே விட்டார். மறுநாள் தன் கையெழுத்தோடு மட்டும் கடிதத்தைத் திரும்பக் கொண்டுபோய்த் துறைத்தலைவர் மேசையில் வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். ஜன்னலோரம் நிவேதாவின் நிரந்தர இடமானது. இருவர் சேர்ந்து செய்யவேண்டிய சோதனைகளில் அவளோடு சேர யாரும் முன்வரவில்லை. முன்பு "கருவாடு" என்று கூப்பிட்டு, பிறகு அதை நிறுத்திக்கொண்ட அந்த மூன்று பெண்களும்கூட வேறு மேசைகளுக்குப் போய்விட்டார்கள். சாருக்குப் பிடிக்காதவளோடு நிற்க யாருக்கு ஆசை? அவள் தனியாகச் செய்து நேரத்துக்குள் முடிக்கவில்லை. முடிக்காத சோதனைக்குப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை. வகுப்பு வாட்ஸாப்பில் ஒரு மீன் படம் சுற்றியது. அவள் தாமதமாக வர ஆரம்பித்தாள், மற்றவர்கள் உள்ளே போன பிறகு போனால் யாரையும் தாண்டிப்போக வேண்டாம் என்று. தாமதத்துக்கு மதிப்பெண் குறைந்தது. செய்முறைத் தேர்வில் தோற்றாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.

இதில் எந்த இடத்தில் பேச்சு முடிந்து அநீதி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்கா கேட்டபோதே நின்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அவள் அம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். காவலாளி கூடையை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லியிருந்தான். துறைத்தலைவர் அறைக்கு வெளியே பெஞ்சில் அரை மனிதர் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அக்காதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு தெனம் மூணு தபா குளிக்குதும்மா" என்றார் அந்த அம்மா. "சோப்பு தேச்சி தேச்சி கையெல்லாம் வெடிச்சிப் போச்சி. என்னாண்ட வந்து படுக்க மாட்டேன்னுது. இன்னாடி ஆச்சின்னா வாய தொறக்கல. நீங்களாவது சொல்லுங்கம்மா, எம்மேல அவ்ளோ நாறுதா?"

அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அன்றே அந்த அம்மா சொல்லச் சொல்லப் புகாரை எழுதிக் கொடுத்தார். இப்போது எல்லோரும் கேட்டது கிடைத்துவிட்டது: கைநாட்டோடு, எழுத்தில், ஒரு புகார்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. முதல் கேள்வியே, "ஆரம்பத்திலேயே ஏன் யாரும் சொல்லவில்லை?" என்பதுதான். அக்கா தான் கொடுத்த கடிதத்தைச் சொன்னார். அப்படி ஒரு கடிதம் கோப்பில் இல்லை என்றார் துறைத்தலைவர். யாரோ வந்து பொதுவாக ஏதோ பேசியதாக நினைவு என்றார். அக்கா கடிதத்துக்கு ரசீது வாங்கி வைத்திருக்கவில்லை. அதைப் புகாராகவே அவர் நினைத்ததில்லையே.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பேராசிரியர் அப்படிச் சொன்னதை நீங்கள் கேட்டீர்களா?"

"லேப்ல ஒரே சத்தமா இருந்துச்சு சார். நான் வெயிட் போட்டுக்கிட்டு இருந்தேன். சரியாக் காதுல விழல."

அக்கா என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை கேட்டிருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இல்லை. அதையே சொல்லியிருப்பேன்.

மாணவிகளுக்கிடையே வழங்கிய பட்டப்பெயரால் வந்த தவறான புரிதல் என்று குழு எழுதியது. பேராசிரியர் இனிக் கவனமாகப் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். "கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தேவையின்றித் தூண்டிவிட்டது வருந்தத்தக்கது" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வருடப் புதுப்பித்தல் பட்டியலில் என் பெயர் இருந்தது. அக்கா பெயர் இல்லை.

போகிற நாளில் மேசை இழுப்பறையைக் காலிசெய்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"நிவேதாவுக்கு டி.சி. வாங்கணும்பா. வேற காலேஜுல கேட்டு வச்சிருக்கேன். நான் போய் கேட்டா இழுத்தடிப்பாங்க. நீ வாங்கிக் குடுத்துடு."

வாங்கினேன். எனக்கு உடனே கொடுத்தார்கள். எண்ணூர் மார்க்கெட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் மூன்று முறை துடைத்த பிறகுதான் அவர் காகிதத்தைத் தொட்டார். "அந்த காலேஜுலயே நீ ஒருத்திதாம்மா நல்லவ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. எனக்கு வேலை நிரந்தரமானது, கல்யாணமும் ஆனது. பேராசிரியர் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். இப்போது புகார்களை விசாரிக்கும் அந்தக் குழுவில் நான் உறுப்பினர். பிரச்சினை முற்றுவதற்கு முன்பே தலையிடுவது எப்படி என்று போன பருவத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. பேச்சாளரைப் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. இதைப் பற்றிப் பேச எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். வியாசர்பாடியில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார். என் குழந்தைகளை விசாரித்தார். நிவேதா ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்வதாகவும், இன்னும் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார்.

"வரேன்பா, லீவு போட்டுட்டு வரேன். ஒண்ணே ஒண்ணு. எனக்கு வேற கத தெரியாது. அந்தப் பொண்ணு பேர வுட்டுட்டு, நடந்தத நடந்தபடி சொல்லுவேன். லேப்ல யாரு நின்னுகினு இருந்தாங்க, குழுவுல யாரு இன்னா சொன்னாங்க, அல்லாம் சொல்லுவேன். உனுக்கு பரவால்லியா?"

மேசைமேல் இருந்த சுற்றறிக்கையைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"யோசிச்சி சொல்லுப்பா. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

துறையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரையும் கேட்கவில்லை. அந்த வாரமே அடையாறிலிருந்து ஓர் உளவியல் ஆலோசகரை ஏற்பாடு செய்தேன். படங்களெல்லாம் போட்டு நன்றாகப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நன்றியுரை நான் சொன்னேன்.